சந்தேக வரைபடம்

ஆகஸ்ட் 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம்: நான், அம்மா, மாடிப்படிக்குக் கீழே நீ குடிவைத்துவிட்டுப் போன பெட்டி. அங்கே உன் உடம்பு எப்படி? இருமல் நின்றதா?

பூமி அதிர்வதைப் பதிவு செய்யும் அந்தப் பெட்டிக்கு நீளமாக ஒரு பெயர் சொன்னாய். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் தவம் கிடந்தவன் வாயில் அது நுழையவில்லை. அதனால் நானும் அம்மாவும் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டோம். பொருத்தம் பத்துக்குப் பத்து. வந்து உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதில்லை. அவர் இருக்கும் பக்கம் யாரும் தொம் தொம்மென்று நடக்கக் கூடாது. ஈரம் ஆகாது, வெயில் ஆகாது. கோபம் வந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் நாடா மாற்றி உபசரிக்க வேண்டும்.

முதல் நாடாவை இன்று மாற்றினேன். சுவரில் நீ ஒட்டிவைத்த பதினோரு கட்டளைகளையும் அம்மா டார்ச் அடித்து வரிசையாகப் படித்தாள்.

"ஏழாவதை விட்டுட்டீங்க."

"விடலை, தாண்டிப் போனேன்."

"தாண்டிப் போறதுக்குப் பேர் என்னவாம்?"

மறுபடி ஏழாவதிலிருந்து செய்தேன். நாடா இத்துடன் பார்சலில் வருகிறது.

வரைபடத்தில் போட்ட கட்டம் நம் வார்டில் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் இடம் தரவில்லை, அதனால்தான் நம் வீடு என்று நீ மூன்று தடவை சொன்னாய். சரி, நம்பிவிட்டோம். மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்தாய், இரண்டு நாள் இருந்தாய். பெட்டிக்குப் போட்ட சிமெண்ட் காய்கிறவரை. இன்னும் மெதுவாகக் காய்கிற சிமெண்ட் ஏதாவது உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

லாரி எடை மேடையில் என் வேலை வழக்கம்போல. மேசை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரோட்டில் லாரி வருகிறதா பஸ் வருகிறதா என்று தண்ணீர் நடுங்குவதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உன் படிப்பின் ஆரம்பப் பாடம் எனக்குத் தெரியும் என்று இனி ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

நாடாவோடு ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் வரும். டிரங்க் கால் போட்டால் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே நேரம் முடிந்துவிடுகிறது. பதில் எழுது.

அப்பா

(காதை மூடிக்கொண்டு வெளியே போ. அவர் சொல்வதில் பாதியை எடுத்துக்கொள். அம்மா.)

ஆகஸ்ட் 23

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும், மாப்பிள்ளைக்கும்,

நாடா பத்திரமாக வந்தது. இருமல் போய்விட்டது. எங்கள் ஆய்வுக்கூடம் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கூரையை ஒட்டி ஒரு முழ உயரம்தான். அதன் வழியாகப் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். கணினி ஒன்று, நாங்கள் ஏழு பேர். என் முறை சாயங்காலம் நான்கிலிருந்து எட்டு.

'இதெல்லாம் எதுக்கும்மா' என்று கேட்டீர்களே, அன்று சிமெண்ட் குழைத்துக்கொண்டே சரியாகப் பதில் சொல்லவில்லை. எங்கோ தொலைவில் நிலம் நடுங்கினால், அந்த அலை பூமிக்குள் ஓடி எங்கள் நாற்பது பெட்டிகளுக்கும் வந்து சேரும். எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கில் வராது. கெட்டிப் பாறை வழியாக வந்த அலை சீக்கிரம் வரும். இளகிய பாறை வழியாக வந்தது தாமதமாகும். நாற்பது இடத்துத் தாமதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், தோண்டாமலே உள்ளே இருப்பது படமாகக் கிடைக்கும். உடம்பை அறுக்காமல் எக்ஸ்ரே எடுப்பதைப் போல.

அப்புறம் ஒரு விஷயம். பெட்டியில் பெரிய அலை மட்டுமா பதிகிறது! நீங்கள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசல்படியில் இரண்டு தரம் செருப்பைத் தட்டுவது தெரிகிறது. தினமும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அம்மாவின் தையல் மிஷின் தெரிகிறது. கொஞ்சம் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். பதினொன்றுக்கு டீ. ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, 'இது என்ன இரைச்சல், அந்த மிஷினை எடுக்கச் சொல்' என்றார். அந்த மூன்று மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா நிறுத்த வேண்டாம். எதற்காகவும் நிறுத்த வேண்டாம்.

அன்புடன்,
மகள்

செப்டம்பர் 8

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். மாப்பிள்ளை போன வாரம் சிவப்பு விளக்கைக் காட்டினார். பேட்டரியை மாற்றியதும் சமாதானமாகிவிட்டார்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "என்னது, நான் டீ குடிக்கிறது வரைக்கும் அங்க தெரியுதா?" என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டாள். பிறகு மிஷின் முன்னால் உட்கார்ந்து முந்தானையை எல்லாம் சரி செய்துகொண்டாள். "போட்டோ எடுக்கலடி, அதிர்ச்சியைத்தான் எடுக்குது" என்றேன். "உங்களுக்கென்ன தெரியும், அவ பாக்கிறா" என்கிறாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடச் சீருடை பன்னிரண்டு தைக்கிற இடத்தில் பதினைந்து தைக்கிறாள். ராத்திரி சாப்பிட்டதும் படுத்துவிடுகிறாள், கொஞ்சம் அசதி. வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு ஒரு சந்தேகம். பெட்டி நாற்பதுதானே? பெட்டி இல்லாத இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நான் எடை போடும் லாரி முதலில் நிறைய வரும், பிறகு காலியாக வரும், கழித்தால் சரக்கின் எடை. உன் பூமியைக் காலி செய்துவிட்டு ஒரு தரம் நிறுத்துப் பார்க்க முடியாதே.

அப்பா

(அசதி எல்லாம் எனக்கு இல்லை. நன்றாகச் சாப்பிடு. அம்மா.)

செப்டம்பர் 26

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

அப்பா, எங்கள் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். பெட்டி இல்லாத இடத்துக்கு, சுற்றி இருக்கும் பெட்டிகளைக் கேட்டுத்தான் நிரப்புகிறோம். பக்கத்துப் பெட்டி சொல்வதை அதிகம் எடுத்துக்கொள்வோம். தூரத்துப் பெட்டி சொல்வதைக் கொஞ்சம்தான். 'அக்கம்பக்கத்தை விசாரிச்சு எழுதுறதுக்கு எங்க தெருவுல வேற பேரு' என்று நீங்கள் சொல்வது இங்கே வரை கேட்கிறது.

ஆனால் தெருவில் செய்யாத ஒன்றை நாங்கள் செய்கிறோம். ஒவ்வொரு வரைபடத்தோடும் இரண்டாவதாக ஒரு வரைபடம் போட வேண்டும். முதலாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது, முதலாவதை எந்த இடத்தில் எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும். பெட்டிக்கு அருகில் சந்தேகம் குறைவு. தள்ளிப் போகப் போக சந்தேகம் கூடும். இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதை நம்புகிறவன் மடையன் என்பார் பேராசிரியர்.

மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் தள்ளிப் போகும். அதுவரை வர முடியாது என்று நினைக்கும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. புது நாடா வந்தால் முதலில் நில அலையைத் தேடுவதில்லை. பத்து மணிக்குத்தான் போகிறேன். அம்மா ஒரு காலரைத் திருப்புகிற வரைக்கும் இருந்துவிட்டு, அப்புறம் என் வேலையை ஆரம்பிக்கிறேன்.

அம்மாவுக்கு அசதி என்றால் என்ன அசதி?

மகள்

அக்டோபர் 11

அன்பு மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். நேற்று பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் இல்லையே? தையல் போட்ட இடம் காய்ந்து வருகிறதா? கட்டியை முழுக்க எடுத்துவிட்டோம், இனி ஆறு ஊசி என்று பெரிய டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். நான் கேட்டதும் நீ கேட்டதும் ஒன்றுதானா என்று எழுது. அந்த நேரத்தில் என் காது சரியாக இல்லை.

ஆறு ஊசியும் முடிகிறவரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உன் வீட்டில் அவள் இருப்பதுதான் சரி. சனிக்கிழமை தோறும் வருகிறேன். லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது.

ஒரு முக்கியமான விஷயம். ஆபரேஷன் அறைக்குள் போகும் முன்னால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது: "அவ எழுதிக் கொடுக்கிற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பாதியில போட்டுட்டு ஓடி வந்துடுவா. நானும் எங்கம்மாவுக்கு முடியலைன்னு பத்தாவதைப் பாதியில விட்டுட்டு ஓடினவதான். திரும்பப் போகவே இல்ல." நான் சரி என்று தலையாட்டினேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவளிடம் யார் வாதாடுவது? ஆகவே நீயும் மகளுக்கு எதையும் எழுதிவிடாதே.

ஆனால் மச்சான், நம் வீட்டில் ஒட்டுக்கேட்கிற மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார். மிஷின் நின்றால் மகளுக்குத் தெரிந்துவிடும். அதனால் மத்தியான ஷிப்ட் வாங்கிக்கொண்டேன். இன்று காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரு மணி வரை நானே பெடலை மிதித்தேன், இனி தினமும் அப்படித்தான். இப்போதைக்குத் துணி இல்லை, நூல் இல்லை, வெறும் மிதி. எடை மேடையில் ஒரு டிரைவர் நான் நொண்டுவதைப் பார்த்து, "என்னண்ணே, காலுல என்ன?" என்றான். "தையல் கத்துக்கிறேன்" என்றேன். "இந்த வயசுலயா?" என்றான். "மாப்பிள்ளை ஆசைப்படுறார்" என்று சொல்லிவிட்டேன். அவன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.

சிரிப்பதற்காகத்தான் எழுதினேன், அக்காவுக்குப் படித்துக் காட்டு. அவள் சிரித்தாளா என்று எழுது.

அத்தான்

அக்டோபர் 30

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் தாமதம், மன்னித்துக்கொள். ஷிப்ட் மாறியதில் நாள் போவதே தெரியவில்லை. போன தடவை நாடாவைக்கூட நாலு நாள் கழித்துத்தான் அனுப்பினேன். இத்துடன் அடுத்தது வருகிறது.

அசதி என்று நான் எழுதியது வெறும் அசதிதான். எழுதத் தெரியாதவன் எழுதினால் இப்படித்தான், ஒரு வார்த்தை கூடப் போய்விடும். அம்மா வழக்கம்போல் மிஷினில் இருக்கிறாள். உனக்கே கேட்குமே. கை வேலையாக இருப்பதால் இந்தத் தடவை அவள் எழுதவில்லை.

அந்த இரண்டாவது வரைபடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மனுஷர்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை. எடை மேடைக்கு வருகிற ஒவ்வொரு டிரைவரும் ஒரு கதை சொல்கிறான். கூடவே சந்தேகத் தாள் ஒன்றும் நீட்டினால் வேலை சுலபம்.

குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளியைப் போட்டுக்கொள்.

அப்பா

நவம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு நாடாவையும் பார்த்தேன். ஒரு வாரமாக வேறு எதையும் பார்க்கவில்லை.

முதல் நாடாவில் பத்து நாள் மிஷின் சத்தமே இல்லை. பிறகு ஆரம்பிக்கிறது. சரியாகப் பத்துக்குத் தொடங்கி ஒன்றுக்கு நிற்கிறது. நடுவில் நிற்பதே இல்லை. அம்மா தைத்தால் ஓரத்துக்கு ஓரம் நிற்கும். நூல் தீர்ந்து பாபின் மாற்ற நிற்கும். காலர் மூலையில் ஊசியைக் குத்தி வைத்துத் துணியைத் திருப்பும்போது ஒரு மூச்சு நேரம் நிற்கும். இது நிற்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிள் மிதிக்கிற ஆள் மாதிரி ஓடுகிறது. பதினொரு மணிக்கு டீயும் இல்லை.

நடையையும் பார்த்தேன். வீட்டில் ஒருவர்தான் நடக்கிறார். சனி, ஞாயிறு யாருமே நடப்பதில்லை.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். 'மூன்று பேரும் நலம்' என்று எழுதுவீர்கள். போன கடிதத்தில் வெறும் 'நலம்'. அம்மா கையெழுத்து இல்லை. கடிதமும் தாமதம். தாமதமாக வருவது எதன் வழியாக வருகிறது என்று நானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அப்பா, அம்மா எங்கே?

நவம்பர் 28

அன்பு மகளுக்கு,

அம்மா இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். மாமா வீட்டில் இருக்கிறாள்.

செப்டம்பர் கடைசியில் குளித்துவிட்டு வந்தவள், "இங்க ஒரு கட்டி மாதிரி இருக்குங்க" என்று மார்பைத் தொட்டுக் காட்டினாள். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அக்டோபர் எட்டாம் தேதி ஆபரேஷன். இப்போது ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு, இரண்டு முடிந்தது. முடி கொட்டிவிட்டது. வாந்தி இருக்கிறது. டாக்டர் நல்ல மாதிரி பேசுகிறார். இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் மறைக்க மாட்டேன் என்று எழுத வந்தேன், அந்த வார்த்தையை எழுத எனக்கு இப்போது யோக்கியதை இல்லை.

நீ ஆய்வேட்டைக் கொடுக்கிறவரை சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அவளுடைய பத்தாவது வகுப்புக் கதை உனக்குத் தெரியும்.

மிஷினை மிதித்தது நான்தான். அலை, பாறை, தாமதம் என்று ஊருக்கு அடியில் ஒளிந்திருப்பதை எல்லாம் கண்டுபிடிக்கிற பெண்ணை ஒரு பெடலை வைத்து ஏமாற்றலாம் என்று நினைத்தேன் பார், ஒன்பதாம் வகுப்பில் என்னை இரண்டு வருஷம் வைத்திருந்தவர்கள் தப்பே செய்யவில்லை. டீ குடிக்க எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் டீ குடிப்பது அவள் போட்டுக் கொடுத்தால்தான்.

வெறுமனே மிதிப்பது ஒரு மாதிரி இருக்கிறதே என்று ஒரு நாள் துணி வைத்துப் பார்த்தேன். தலையணை உறை. நாலு பக்கமும் தைத்துவிட்டேன். உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. இரண்டு மாதமாக நானும் அப்படித்தான் இருந்தேன். உன் கடிதம் வந்து ஒரு பக்கத்தைப் பிரித்துவிட்டது.

கோபப்படு. ஆனால் பதில் எழுது.

அப்பா

ஜனவரி 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு மூன்றாவது ஊசியும் முடிந்தது. ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

தபால்காரர் எதிர்வீட்டோடு திரும்பிவிடுகிறார். அவர் சைக்கிள் வந்தால் இப்போதெல்லாம் மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். எனக்குத் தெரியாதது ஏதாவது அவருக்குத் தெரியுமா என்று. பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்.

மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் பத்து மணிக்குப் போய் அந்த ஸ்டூலில் கொஞ்சம் உட்காருகிறேன். உட்கார்ந்தால் உனக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடிதம் தாமதமானால் அது இளகின இடத்து வழியாக வருகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா

ஜனவரி 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உங்கள் மேல் கோபம், அம்மா மேல் கோபம், எல்லாவற்றையும் விட என் மேல். 'எதற்காகவும் நிறுத்த வேண்டாம்' என்று எழுதினேனே. அதைப் படித்துவிட்டு அசதியோடு பதினைந்து சீருடை தைத்தவளிடம் நான் என்னவென்று சொல்வது?

மாமா வீட்டுக்கு டிரங்க் கால் போட்டேன். அம்மா வந்தாள். கேக்குதா கேக்குதா என்று இரண்டு பேரும் கத்தினோம். "அப்பா நல்லா தைக்கிறாராமே?" என்றாள். நான் அழுதேன். அவள், "அழறதுக்கா காசு கட்டி கூப்பிட்ட? வராதே. முடிச்சுட்டு வா" என்றாள். லைன் போய்விட்டது.

இத்துடன் இரண்டு வரைபடம் வைத்திருக்கிறேன். முதலாவதில் நம் வீட்டைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். அதற்குக் கீழே நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில், சுற்றிலும் இருப்பதைவிட இளகிய பாறை இருக்கிறது. இதுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு, பேராசிரியருக்கு, இப்போது உங்களுக்கு. இரண்டாவது, சந்தேக வரைபடம். கறுப்பாக இருக்கும் இடமெல்லாம் சந்தேகம். நம் வீடு வெள்ளையாக இருக்கிறது பாருங்கள். நாற்பது பெட்டியில் ஒரு நாள்கூட விடாமல் ஓடியது நம் மாப்பிள்ளை மட்டும்தான்.

அப்பா, நான் கேட்பது ஒன்றுதான். இப்போது கிளம்பினால் மார்ச்சில் கொடுக்க முடியாது, ஆறு மாதம் போகும். கிளம்பாமல் இருந்தால் என்ன போகும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தூரத்துப் பெட்டி. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். நான் இப்போது வரட்டுமா, வேண்டாமா? நீங்கள் என்ன எழுதினாலும் அப்படியே செய்கிறேன். ஆனால் அதோடு சந்தேகத் தாளும் வேண்டும்.

மகள்

பிப்ரவரி 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம். ஆம், மூன்று. ஐந்தாவது ஊசி முடிந்து, ஒரு பத்து நாள் வீட்டில் இருக்கட்டும் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்துப் பிழை இரண்டு கண்டுபிடித்துவிட்டாள்.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "நம்ம வீட்டுக்குக் கீழ இளகிக் கெடக்குதாம்" என்றேன். "மேலயும் அப்படித்தான் கெடக்குது, கூரையைப் பாருங்க" என்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில். வேலையை முடித்துவிட்டே வா. மார்ச் முப்பத்தொன்று ரொம்பத் தூரத்தில் இல்லை. அம்மா சொல்வதுதான் சரி.

அப்பா

(சரியாகத்தான் எழுதியிருக்கிறார். படித்துப் பார்த்தேன். கம்பளி போட்டுக்கொள். அம்மா.)

இரண்டாவது தாள்

அம்மா தூங்குகிறாள். ராத்திரி பதினோரு மணி. இது நீ கேட்ட சந்தேகத் தாள்.

டாக்டர் 'நன்றாகத் தேறி வருகிறார்' என்று சொன்னார். பக்கத்துப் பெட்டி, முக்கால்வாசி நம்பலாம். மீதிக் கால்வாசியை அவரே ஆறாவது ஊசிக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார்.

அம்மா 'வலி ஒண்ணும் இல்ல' என்கிறாள். நம்பாதே. பாத்திரத்தை இடது கையால்தான் எடுக்கிறாள்.

நான் நன்றாகச் சமைக்கிறேன் என்று மாமாவுக்கு எழுதியிருந்தேன். அங்கே முழுக்கக் கறுப்பு.

'அழறதுக்கா கூப்பிட்ட' என்று உன்னிடம் கேட்டவள், போனை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். மாமா சொன்னது. அன்று அவர்தான் பக்கத்துப் பெட்டி, இதை நம்பலாம்.

இந்தப் பார்சலில் வருகிற நாடாவில் பிப்ரவரி நாலாம் தேதி, பதினொன்று பத்துக்குப் பார். என்னவென்று நான் சொல்லப் போவதில்லை. நாலு நிமிஷம்தான் இருக்கும், நடுவில் இரண்டு தரம் நிற்கும். அதில் சந்தேகமே இல்லை. நான் தலையணை உறையில் தைத்து வைத்த மீதி மூன்று பக்கத்தையும் அவள்தான் பிரித்துவிட்டு, ஒழுங்காகத் தைத்தாள். பிறகு டீ கேட்டாள். நான் போட்டேன்.

கடைசியாக. 'வேலையை முடித்துவிட்டே வா' என்று முதல் தாளில் இருக்கிறதே, அதை நம்பாதே. 'அம்மா சொல்வதுதான் சரி' என்று அதற்குக் கீழே உன் அப்பா எழுதியிருப்பதையும் நம்பாதே. அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது இன்னும் ஆறு மாதம் அங்கேயேதான் இருக்கும்.

நான் மத்தியான ஷிப்டில்தான் இன்னும் இருக்கிறேன். உன் பஸ் எடை மேடையைத் தாண்டித்தான் ஊருக்குள் வர வேண்டும். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.